கரண்டி பிடிப்பவரின் பங்கு

"எங்க டாக்டரம்மாவை மேடையில நிக்க வெச்சுப் பாராட்டினேன். மறுநாள் காலையில ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுறாங்க."

திலகவதி அடுப்பில் ஒரு விறகை உள்ளே தள்ளினார்.

"கலெக்டர் முன்னால பாராட்டினேன்மா. பொன்னாடை போத்தினேன்."

"தள்ளி நில்லுங்க ஐயா. பொறி தெறிக்கும்."

பரஞ்சோதி தள்ளி நின்றார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. தாலுகா அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர். கேள்வியோடு இந்தக் கொட்டகைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை. தினமும் பதினொரு மணிக்குக் கஞ்சி. யார் வேண்டுமானாலும் வரலாம். கஞ்சி காய்ச்சும் திலகவதிக்கு நாற்பத்தொரு வயது. முன்பு ஏதோ ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். அவரிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. கிடைத்ததாகச் சொன்னவர்கள் என்ன கிடைத்தது என்று சொன்னதில்லை.

"யாரு அந்த டாக்டர்?"

"ஹெப்சிபா. பிரசவம் பாக்குறவங்க. நாலு பேர் இருக்க வேண்டிய இடத்துல அவங்க ஒருத்தங்கதான். அவங்களும் போயிட்டா வார்டை இழுத்து மூடணும். வலி வந்தவங்களை நாப்பத்தெட்டு கிலோமீட்டர் வண்டியில ஏத்தி அனுப்பணும். பாதி வழியில என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"கடிதம் எங்க இருக்கு?"

"என் மேசை டிராயர்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள மேலிடத்துக்கு அனுப்பியாகணும். அதுக்குள்ள அவங்க மனசு மாறணும். என்ன பேசினா மாறுவாங்க? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"மேடையில என்ன பேசினீங்க?"

பரஞ்சோதி தோளை நிமிர்த்திக்கொண்டார். அந்தப் பேச்சு அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

"'நம்ம டாக்டர் ஹெப்சிபா முப்பது மணி நேரம் தொடர்ந்து நின்னாங்க. மூணு ஆபரேஷன். பதினாலு மாசமா ஒரு நாள் லீவு எடுக்கல. அன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு டிபன் டப்பாவைத் திறந்தாங்க. ஒரு கேஸ் வந்தது. ஒரு வாய்கூட வைக்காம மூடிட்டு எழுந்து போனாங்க. இவங்கல்லாம் மனுஷங்க இல்ல, தெய்வம்.' இப்படிப் பேசினேன். ரெண்டு நிமிஷம் கைதட்டல் நிக்கல."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"அழுதாங்க. சந்தோஷத்துலன்னு நினைச்சேன்."

"டப்பாவை மூடினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேனே. வாசல்லதான் நின்னுட்டிருந்தேன்."

திலகவதி அவரைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

கஞ்சி கொதித்தது.

"பதில் சொல்லலையேம்மா."

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க. கரண்டி பிடிக்க ஆள் இல்ல."

"நானா?"

"வேற யாரு நிக்கிறாங்க இங்க?"

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரஞ்சோதி சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மனைவி தோசை ஊற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்.

பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றப் போகிற நாளில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது அவருக்குச் சரியாகப் படவில்லை. மாத்திரை போட்டால் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று முப்பது வருடங்களாக நோயாளிகளிடம் சொல்லி வந்தவர்.

வரிசை கொட்டகையைத் தாண்டிப் புளியமரம் வரை நின்றது. நூற்றைம்பது பேர் இருப்பார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள், மலைக்கு வந்தவர்கள், மருத்துவமனையில் யாரையாவது படுக்க வைத்துவிட்டுத் துணைக்கு இருப்பவர்கள். எல்லார் கையிலும் தட்டு அல்லது சொம்பு.

திலகவதி அண்டாவில் கரண்டியை விட்டு முதல் கரண்டிக் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். அதை ஓர் இலையால் மூடினார். பரஞ்சோதியிடம் நீட்டினார்.

"குடிங்க."

"எல்லாரும் நிக்கிறாங்களே."

"நிப்பாங்க. இங்க முதல் கரண்டி, கரண்டி பிடிக்கிறவருக்கு. அவர் குடிச்சு முடிச்சாத்தான் வரிசை நகரும்."

பரஞ்சோதி வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. முன்னால் நின்ற மெலிந்த பெண்ணின் கையில் ஒடுங்கிய ஈயச் சொம்பு இருந்தது.

"நீங்க குடிங்கம்மா" என்று அவளிடம் கிண்ணத்தை நீட்டினார்.

அந்தப் பெண் வாங்கவில்லை. திலகவதியைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம். வாங்கிக்கங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். பின்னால் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். திலகவதி கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு விறகு எடுக்கப் போனார்.

பரஞ்சோதிக்கு உடம்பு லேசானதுபோல் இருந்தது.

"பெரிய டாக்டர்ல இது? கஞ்சி ஊத்துறாரு."

"ஆஸ்பத்திரியில மாத்திரை தீந்துபோச்சாம். இனிமே எல்லா வியாதிக்கும் இதுதானாம்."

"சார், இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

வரிசை சிரித்தது. பரஞ்சோதியும் சிரித்தார்.

"அடியில கலக்கி ஊத்துங்க சார். பருக்கையே வரல."

கலக்கி ஊற்றினார்.

நாற்பது பேருக்குப் பிறகு தோள் வலித்தது. எண்பது பேருக்குப் பிறகு தட்டுகள் மட்டும் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. நூறைத் தாண்டியபோது நெற்றியில் வியர்த்தது. வியர்வை குளிர்ந்திருந்தது. அது என்ன வியர்வை என்று அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பேர்தானே என்று நினைத்தார்.

அடுத்து வந்தவன் தட்டை நீட்டினான்.

கரண்டி சாய்ந்தது.

"ஐயோ!"

தட்டு தரையில் விழுந்து சுழன்றது. கஞ்சி அவன் மணிக்கட்டில் வழிந்தது.

திலகவதி சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். அவன் கையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினார். பரஞ்சோதி பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். நிற்க முடியவில்லை.

"நிறுத்தாம ஊத்துங்க. நிறைய ஊத்தணும்" என்றார். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

"பாத்து ஊத்தக் கூடாதா சார்?" என்றான் அவன். செங்கல் சூளையில் வேலை செய்கிற வீரணன். "உங்க கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"சாப்பிடல."

"சாப்பிடாம எதுக்கு சார் கரண்டியைப் புடிச்சீங்க? என் கை காய்ச்சுப் போன கை, பரவால்ல. பின்னால பாருங்க, கைக்குழந்தையோட ஒரு பொண்ணு நிக்குது."

பரஞ்சோதி பின்னால் பார்த்தார்.

திலகவதி ஈரத்துணியை வீரணனின் மணிக்கட்டில் சுற்றினார். பிறகு பரஞ்சோதியிடம் திரும்பினார்.

"ஐயா, நேத்து ஒண்ணு சொன்னீங்களே. மேடையில பேசினது. அதை இவருக்குச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

பரஞ்சோதி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"எங்க டாக்டர் ஹெப்சிபா..."

"ஹெப்சிபாம்மாவா?" வீரணனின் முகம் மலர்ந்தது. "எம் பொண்டாட்டி அவங்க வார்டுலதான் சார் கெடக்கா. கொழந்த தல திரும்பலையாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு தேதி குடுத்திருக்காங்க. சொல்லுங்க சார், அவங்களுக்கென்ன?"

"முப்பது மணி நேரம்... தொடர்ந்து நின்னாங்க."

"சரி."

"டிபன் டப்பாவைத் திறந்தாங்க. ஒரு வாய்கூட..."

வீரணன் மணிக்கட்டைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"அப்புறம் சார்?"

பரஞ்சோதி தரையைப் பார்த்தார்.

கீழே கிடந்த தட்டைச் சுற்றி எறும்புகள் வரத் தொடங்கியிருந்தன.

திலகவதி ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். பரஞ்சோதி வாங்கினார். வரிசைக்கு முன்னால், பலகையில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கைவரை குடித்தார். அதற்கு நேரம் ஆயிற்று. வரிசை நின்றது. யாரும் கனைக்கவில்லை.

பிறகு எழுந்து கரண்டியை எடுத்தார்.

*

திங்கட்கிழமை மதியம் ஒரு மணி. பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய ஓ.பி. முடியவில்லை. வெளியே பெஞ்சுகள் நிறைந்து, மீதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

ஹெப்சிபா எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் திட்டில் எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது.

"அது தினமும் வரும், தினமும் போகும் சார்" என்றார் சிஸ்டர் பொன்மலர், வாசலில் நின்ற பரஞ்சோதி டப்பாவைப் பார்ப்பதைக் கவனித்து. "திறக்கிறதுதான் இல்ல. அதுக்குத் தனியா பஸ் பாஸ் எடுத்துடலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"கடிதத்தை அனுப்பிட்டீங்களா சார்?" ஹெப்சிபா தலை நிமிராமல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

"நான் மாத்திக்கிறதா இல்ல சார். பேசிப் பிரயோஜனம் இல்ல."

"பேச வரல. இன்னும் எத்தனை பேர்?"

"நாப்பத்தி மூணு."

"அதுல உங்க கேஸ் எத்தனை?"

"கர்ப்பிணிங்க ஒன்பது பேர். மத்தது காய்ச்சல், சர்க்கரை, மூட்டுவலி. பொது டாக்டர் போஸ்ட் காலியாகி எட்டு மாசம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாததா சார்?"

"தெரியும். நானும் பொது டாக்டர்தான்."

பேனா நின்றது.

பரஞ்சோதி சுவரோரம் கிடந்த மேசையை இழுத்துப் போட்டார். ஒரு நாற்காலியைப் போட்டார். சீட்டுக் கட்டிலிருந்து முப்பத்து நான்கு சீட்டுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டார். பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை வெளியே எடுத்தபோது அதன் ரப்பர் குழாய் மடிந்த இடத்திலேயே விறைத்து நின்றது. நீவி நேராக்கினார்.

"சார், நீங்க கடைசியா ஓ.பி. பாத்தது எப்ப?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"மருந்தெல்லாம் மாறிப்போச்சு."

"காய்ச்சல் மாறலையே."

சிஸ்டர் பொன்மலர் சிரிப்பை மறைக்க முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெரியாததை உங்ககிட்ட கேப்பேன். நீங்க சாப்பிட்டு வந்தப்புறம் கேப்பேன்" என்றார் பரஞ்சோதி.

ஹெப்சிபா மறுபடி எழுதத் தொடங்கினார்.

முதல் சீட்டு ஒரு பூக்காரப் பெண்மணியுடையது. அவர் உள்ளே வந்து இரண்டு மேசைகளையும் பார்த்தார். பரஞ்சோதியின் எதிரே உட்கார மறுத்தார்.

"எனக்கு அந்தம்மாதான் பாக்கணும்."

"அம்மா சாப்பிடப் போறாங்க."

"யாரு, இவங்களா?" பூக்காரி ஜன்னலைக் கை காட்டினார். "ரெண்டு வருஷமா வர்றேன். இந்த டப்பா வாயைத் திறந்து நான் பாத்ததே இல்ல."

"இன்னிக்குத் திறக்கும்."

"அப்ப சாப்பிடட்டும். நான் ஒக்காந்திருக்கேன்."

வெளியே யாரோ கத்தினார்கள். "ஏன் வரிசை நகரல? என்ன பண்றாங்க உள்ள?"

பூக்காரி வாசலுக்குப் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"டாக்டரம்மா சாப்பிடுறாங்க. நீ வீட்டுல சாப்பிட்டுத்தானே வந்தே? கத்தாத."

சத்தம் அடங்கியது.

ஹெப்சிபா மெதுவாக எழுந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டார். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

அன்று மாலை அந்த டப்பா காலியாக அவருடைய பைக்குள் போயிற்று.

*

வார்டு வாசலில், யாருக்கு எப்போது வேலை என்று சொல்லும் டூட்டி ரோஸ்டர் ஒட்டியிருந்தது. தலைமை மருத்துவரின் பெயர் ரோஸ்டரில் வருவது அந்த மருத்துவமனையில் வழக்கமில்லை. அவர் ரோஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவர்.

செவ்வாய்க்கிழமை காலை அவசரப் பிரிவின் கட்டங்களில் நான்கு இரவுகளுக்கு அவர் பெயர் இருந்தது.

"யாரோ தப்பா எழுதிட்டாங்க போலிருக்கு" என்றார் ஒரு வார்டு ஊழியர்.

"அவர் கையெழுத்துதான்பா."

"அப்ப அவருக்கு என்னமோ ஆயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை கட்டத்தில் ஹெப்சிபா பெயருக்கு எதிரே 'ஓய்வு' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை எழுதுவதற்குப் பரஞ்சோதி பக்கத்துத் தாலுகாக்களுக்கு இரண்டு மணி நேரம் போன் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெண் மருத்துவர் ஞாயிறு மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாக மாதம் இரண்டு நாள் பரஞ்சோதி அங்கே போய் ஓ.பி. பார்க்க வேண்டும்.

ஹெப்சிபா ரோஸ்டருக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். பிறகு ரவுண்ட்ஸ் போனார்.

*

புதன்கிழமை பத்தே முக்காலுக்குப் பரஞ்சோதி கொட்டகைக்கு வந்தார்.

"ரெண்டு நாளா நேரத்துக்குச் சாப்பிடுறாங்க."

திலகவதி அண்டாவைக் கிளறினார்.

"நேத்து ராத்திரி அவசரப் பிரிவுல நான் இருந்தேன். ஒரு பாம்புக்கடி, ரெண்டு பைக் விபத்து. அவங்களைக் கூப்பிடல. வீட்டுல தூங்கியிருக்காங்க. காலையில பாத்தேன், முகமே வேற மாதிரி இருந்தது."

"நல்லது."

"ஆனா கடிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லம்மா. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. இவ்வளவு செஞ்சும் அவங்க வாயே திறக்கல. இன்னும் நான் என்னதான் செய்யணும்?"

திலகவதி முதல் கரண்டியைக் கிண்ணத்தில் ஊற்றினார். இலையால் மூடினார். அவரிடம் நீட்டினார்.

பரஞ்சோதி கையை நீட்டினார்.

கிண்ணம் பின்னால் போயிற்று.

"தினமும் கரண்டி பிடிக்க வர்றேன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் குடிங்க."

பரஞ்சோதி அவரைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்தது.

"எழுதிக் குடுக்கணுமா?"

"ஆமா."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வந்து வேட்டி மடிப்பில் ஒதுங்கியது.

வரிசையில் யாரோ தும்மினார்கள்.

திலகவதி அந்தக் கையைப் பிடித்து இழுத்து அதில் கிண்ணத்தை வைத்தார்.

"எழுத வேண்டாம். இது கரண்டி பிடிக்கிறவரோட பங்கு, விலைக்கு இல்ல. ஆறிடும். குடிங்க."

*

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஹெப்சிபா வெளியே வந்தபோது மணி மூன்றரை. காலையில் தொடங்கிய வரிசையில் வீரணனின் மனைவி நான்காவது.

"பொண்ணு. ரெண்டு கிலோ எண்ணூறு. அம்மா நல்லா இருக்காங்க" என்றார்.

வீரணன் கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கினான். மணிக்கட்டில் வெந்த தோல் கறுத்து உரிந்துகொண்டிருந்தது.

"இது என்ன கையில?"

"கஞ்சி ஊத்திக்கிட்டது டாக்டரம்மா. பெரிய டாக்டர் கையால." பெருமையாகச் சொன்னான்.

ஹெப்சிபாவுக்குப் புரியவில்லை. களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓ.பி. அறைக்கு நடந்தார்.

பரஞ்சோதி தன் மேசையில் ஒரு முதியவரின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு சட்டைப்பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து ஹெப்சிபாவிடம் கொடுத்தார்.

"உங்க கடிதம். பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். தபால் பை நாலரைக்குப் போகும்."

ஹெப்சிபா உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஏன் சார் என்கிட்ட குடுக்கிறீங்க?"

"உங்களோடது. உங்க கையாலயே தபால்காரர்கிட்ட குடுங்க. குடுக்கலைன்னாலும் சரி."

"குடுத்தா?"

"ஒரு மாசத்துல கிளம்பிடுவீங்க."

"அப்ப ரோஸ்டர்?"

"அது அப்படியேதான் இருக்கும். நீங்க போறவரைக்கும் இருக்கும். உங்களுக்கப்புறம் யாராவது வந்தா அவங்களுக்கும் இருக்கும்."

"நான் போனா இந்தப் பிரசவ வார்டு என்ன சார் ஆகும்?"

பரஞ்சோதி பதில் சொல்ல வாயைத் திறந்தார். நாற்பத்தெட்டு கிலோமீட்டர் நாக்கின் நுனிவரை வந்தது. மூடிக்கொண்டார்.

"அதை நான் பாத்துக்கணும். நீங்க இன்னும் சாப்பிடல. மணி நாலாகப் போகுது."

"பேச்சு ஒண்ணும் இல்லையா சார் இன்னிக்கு?"

"அன்னிக்கே நிறையப் பேசிட்டேன்."

"பொன்னாடை?"

"அது ஒண்ணு மிச்சம் இருக்கு. வேணுமா?"

"வேண்டாம் சார். என்னோடதையே ஸ்கேன் ரூம் ஜன்னல்ல திரையா மாட்டிவெச்சிருக்கேன். வெயிலுக்கு நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு ஹெப்சிபா சிரித்தார். பரஞ்சோதிக்கும் சிரிப்பு வந்தது. சிஸ்டர் பொன்மலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடுத்த சீட்டைக் கூப்பிடலாமா, இல்ல நானும் போய்ச் சாப்பிடவா?" என்றார்.

"நீயும் போ" என்றார் பரஞ்சோதி.

"நிஜமாவா சார்?"

"போ. நானே பேர் கூப்பிட்டுக்கிறேன்."

ஹெப்சிபா உறையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, அங்கிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

பரஞ்சோதி சீட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார். தவறான பெயரைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவரை உட்கார வைத்தார், மற்றவரைப் பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்.

கூடத்தில் தபால் பையைத் தோளில் மாட்டிய ஊழியர் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தபால் இருக்கா? தபால் இருக்கா?"

ஓ.பி. அறை வாசலில் நின்றார்.

"சார், தபால் இருக்கா?"

பரஞ்சோதி நிமிரவில்லை. எதிரே இருந்தவரின் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் எவர்சில்வரில் விழுந்தது.

தபால் ஊழியர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு நகர்ந்தார். அவருடைய குரல் அடுத்த வாசலில் கேட்டது. அதற்கு அடுத்த வாசலில் கேட்டது. படிக்கட்டில் இறங்கியது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று பரஞ்சோதி நோயாளியைக் கேட்டார்.

"மூணு நாளா சார்."

"சாப்பிட முடியுதா?"

"கஞ்சி மட்டும் இறங்குது."

கதவு திறந்தது. ஹெப்சிபா கழுவிய டப்பாவோடு வந்தார். ஜன்னல் திட்டில் உறை கிடந்த இடத்தில், உறையின் மேலேயே, டப்பாவைத் தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த சீட்டை எடுத்தார்.